மனுஷப் பயிருக்கு ஒரு மூட்டை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். நிஜம் என்னன்னா, சனி ஞாயிறு எல்லாம் ஒரு சாமானைத் தேடி அலைஞ்சேன். தங்கம் இல்லை, பிளாட்டினம் இல்லை. ஒரு சந்துல கொட்டி நிரப்புறதுக்கு எடை குறைஞ்ச, எரியாத, சூட்டைத் தடுக்குற ஏதோ ஒரு துகள். பதினாறு மூட்டை. அவ்ளோதான்.

வீடு கட்டுற சாமான் விக்கிற ஒரு கடையிலயும் அது கிடைக்கல. ஏன் கிடைக்கலைங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பக்கத்துல மோர் வெச்சுக்கிட்டுப் படிங்க.

எங்க வீடு வேலூர்ல. ஆத்துல தண்ணி இல்லை, மலையில மரம் இல்லை, கோட்டையில ராஜா இல்லைன்னு எங்க ஊரைப் பத்தி ஒரு சொலவடை உண்டு. வெயில் இல்லைன்னு மட்டும் எவனும் சொன்னதில்லை. ஏப்ரல், மே மாசத்துல 40 டிகிரிங்கறது இங்க சாதாரணம்.

கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கோம். அந்த வாடகையிலதான் லோன் அடையுது. நாங்க மாடியில. இடம் பத்தலைன்னு சில வருஷத்துக்கு முன்னாடி மொட்டை மாடியில 12க்கு 14 அடியில ஒரு ரூம் எடுத்தோம். மேல கான்கிரீட் போட காசில்லை, கலர் ஷீட்டுதான். ஷீட்டைப் பார்த்தா அசிங்கமா இருக்குன்னு அடியில ஜிப்சம் போர்டுல ஃபால்ஸ் சீலிங். ரிட்டயர் ஆன பிறகு அதுதான் அப்பாவோட ரூம். பேப்பர், ரேடியோ, மத்தியானத் தூக்கம் எல்லாம் அங்கதான்.

போன மே மாசம் ஒரு நாள், மூணு மணி இருக்கும். நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். அப்பா கதவைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார். "தலை சுத்துதுடா"ன்னார். வேர்வையே இல்லை, உடம்பு கொதிக்குது. ஆட்டோ பிடிச்சு ஓடினோம். ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறின பிறகுதான் முகத்துல களை வந்தது. டாக்டர் சொன்னது ஒரே வரி: "மத்தியானத்துல அந்த ரூம்ல இருக்காதீங்க."

நல்ல வைத்தியம். ஆனா அவருக்கு வேற ரூம் இல்லையே டாக்டர்!

சரி, மேட்டருக்கு வருவோம்.

"ஒரு ஏசி போட்டுடுங்க சார்" கோஷ்டி முதல்ல ஓடி வந்தது. சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள், எலக்ட்ரீஷியன் அண்ணன் வரைக்கும் எல்லாரும் இந்தக் கட்சிதான். ஐயா, அந்த ரூம்ல ஏற்கனவே ஒரு ஏசி இருக்கு! மத்தியானம் போட்டா கம்ப்ரஸர் நிக்காம ஓடும், ரூம் 31க்குக் கீழ இறங்காது. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. ரெண்டு மாச பில்லுல 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாப் மாறி, நம்ம ஊர்ல ரேட் எப்படி எகிறும்னு உங்களுக்கே தெரியும். அப்பா ஒரு தடவை பில்லைப் பார்த்தார். அன்னையிலிருந்து ரிமோட்டை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். வீம்பு இல்லை, கணக்கு. முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவரோட கணக்கு.

அதனால சூடு உள்ள வந்த பிறகு வெளிய தள்ளுறதை விட்டுட்டு, வராம தடுக்கலாம்னு இறங்கினேன். எஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு தடவையாவது உபயோகப்படட்டுமே.

ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அது இருக்கிற லட்சணத்தைச் சொல்றேன். ஷீட்டு சரிவா போகுது. ஒரு பக்கம் சந்தோட உயரம் மூணு அடி, மறுபக்கம் ஆறு இஞ்சு. குறுக்க இரும்புப் பைப்பு. சீலிங்கைத் தொங்கவிட்ட கம்பிங்க இடுப்பளவுக்கு ஒண்ணா தொங்குது. ஏசி பைப், வயர், லைட்டு டப்பா. மொத்தத்துல ஒரு பூனை போய்வரலாம், மனுஷன் தவழலாம், அதுக்கு மேல ஒண்ணும் முடியாது.

இந்த மாதிரி இடத்துல கிளாஸ்வுல் ரோலை விரிக்க முடியாது. பலகை மாதிரி வர்ற தெர்மோகோல் ஷீட்டை வெட்டிப் பொருத்தவும் முடியாது. ஒவ்வொரு கம்பியைச் சுத்தியும் இடைவெளி விழும், அந்த இடைவெளி வழியா சூடு இறங்கும். இதுக்குச் சரியான வைத்தியம் ஒண்ணுதான்: உதிரியா இருக்கிற துகளைக் கொட்டிப் பரப்புறது. தண்ணி மாதிரி அது தானே மூலை முடுக்கெல்லாம் போய் உக்காரும். குளிர் நாடுகள்ல பரண்ல இப்படித்தான் பல வருஷமா கொட்டுறாங்க. போரேட் உப்பு கலந்த காகிதக் கூழ், பெர்லைட், வெர்மிகுலைட்னு பல சாதி. மூட்டையா வாங்கி வந்து, பிரிச்சு, கொட்டி, நிரவி விட்டா வேலை முடிஞ்சுது. ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் கிடையாது.

இப்பத்தான் என் அலைச்சல் ஆரம்பம்.

முதல்ல ஒரு காண்டிராக்டர் வந்தார். டார்ச் அடிச்சுப் பார்த்தார். "சீலிங்கை மொத்தமா கழட்டிடுவோம் சார், கிளாஸ்வுல் வெச்சு, புது டிசைன்ல மாத்திடலாம், கோவ் லைட்டிங்கோட"ன்னார். நான் கேட்டது சூடு, அவர் தந்தது கோவ் லைட்டிங். சதுர அடிக்கு அவர் சொன்ன ரேட்டைக் கேட்டு எனக்கே டிரிப்ஸ் ஏத்த வேண்டியதாப் போச்சு.

ரெண்டாவது, வீடு கட்டின மேஸ்திரி. நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாது. "தம்பி, சந்துல கொட்டுறதுன்னா எனக்கு ராபிஷ்தான் தெரியும். பாத்ரூம் பள்ளத்துல அதைத்தானே கொட்டுறோம்"னார். உண்மைதான். நம்ம ஊர்க் கட்டுமானத்துல எந்தப் பள்ளம் இருந்தாலும் பதில் ஒண்ணுதான்: உடைஞ்ச செங்கல், மண்ணு, பழைய சாந்து. ஒரு கனமீட்டர் டன்னுக்கு மேல கனம். சூட்டைக் குடிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் திருப்பிக் கொடுக்கும்.

மூணாவது, சென்னைக்குப் போன அன்னைக்குப் பாரிமுனைப் பக்கம் இன்சுலேஷன் விக்கிற கடைங்கள்ல ஏறி இறங்கினேன். முதல் கடையில முதல் கேள்வி: "எந்த ஃபேக்டரி சார்?" வீட்டுக்குன்னதும் முகம் மாறிடுச்சு. அடுத்த கடையில "மினிமம் ஒரு லோடு". அதுக்கடுத்த கடையில "நாங்க மெட்டீரியல் தனியா தர்றதில்லை சார், சிஸ்டமாத்தான் பண்றோம்". சிஸ்டம்னா என்னங்க? அவங்க ஆளு வந்து, அவங்க ரேட்டுல, அவங்க செய்யறதுதான் சிஸ்டம். நானும் தினமும் சிஸ்டத்தோடதான் மாரடிக்கிறேன், எனக்கே புரியல.

நாலாவதுதான் காமெடி. சில்லறையில, வீட்டு வாசலுக்கே, ஒரு கிலோ ரெண்டு கிலோவா வந்து இறங்குற ஒரே உதிரி இன்சுலேஷன் எது தெரியுமா? பீன் பேக்ல போடற தெர்மோகோல் மணி! சூட்டைத் தடுக்கறதுல அது கெட்டிக்காரன்தான். இறகு மாதிரி எடை, கனமீட்டருக்கு 15 கிலோ கணக்குல வரும். ஆனா வயர் ஓடுற சந்துல அதைக் கொட்டக் கூடாது. ஒண்ணு, தீப்பிடிக்கும், கரும்புகையா கக்கும். ரெண்டு, நிறைய பேருக்குத் தெரியாத விஷயம்: வயர் மேல இருக்கிற பிவிசி உறையை வளையவைக்கிற எண்ணெய்ப் பசையை பாலிஸ்டைரின் உறிஞ்சிடும். சில வருஷத்துல உறை மொறுமொறுன்னு ஆகி வெடிக்கும். உள்ள மின்சாரம், வெளிய தீனி. இதை எந்தப் பாக்கெட்டுலயாவது எழுதியிருக்கானான்னா இல்லை. அவன் விக்கிறது உக்கார்றதுக்கு. நாம கொட்டறது தலைக்கு மேல.

அஞ்சாவது யோசனை அம்மாவோடது. "உமி கொட்டுடா. அந்தக் காலத்துல ஐஸ்கட்டியை உமியிலயும் மரத்தூள்லயும்தானே பொதிச்சு வெப்பாங்க?" சிரிக்காதீங்க. நான் இந்த மாசம் கேட்டதுலயே இதுதான் அறிவுள்ள பேச்சு. பாஸ்டன் பக்கத்து ஏரியில உறைஞ்ச ஐஸை வெட்டி, மரத்தூள் பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி, பாதி உலகத்தைச் சுத்தி 1833ல கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து இறக்கினார் ஃபிரெடரிக் டியூடர். சென்னையில அந்த ஐஸை வெச்சு விக்க 1842ல கட்டின கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்னைக்கு விவேகானந்தர் இல்லம். கப்பல்ல மாசக்கணக்கா வந்த ஐஸை உருகாம காப்பாத்தினது கம்ப்ரஸரா? கோவ் லைட்டிங்கா? ஒரு கப்பல் மரத்தூள்! நம்ம தெருவுல ஐஸ் வண்டிக்காரர் சாக்குக்குள்ள மரத்தூள் போட்டு வெச்சிருந்ததும் அதே வித்தைதான். ஆக, உதிரித் துகளால வெப்பத்தைத் தடுக்கறது நமக்குப் புதுசு இல்லை. ஐஸுக்குச் செஞ்சோம். மனுஷனுக்குச் செய்ய மறந்துட்டோம்.

உமியில சிக்கல் என்னன்னா எலி, பூச்சி, அப்புறம் கனிஞ்சு கனிஞ்சு எரியற குணம். ஆரணிப் பக்கம் ரைஸ்மில்லுல உமிக்குப் பஞ்சமில்லை, பாய்லருக்கு லாரி லாரியா போகுது. பக்குவம் பண்ணி, தீயும் பூச்சியும் அண்டாம மருந்து கலந்து, மூட்டையில கட்டி "கூரைக்கு"ன்னு ஒரு லேபிள் ஒட்டி வித்தா நான் முதல் ஆளா வாங்குவேன். நான் தேடின எந்தக் கடையிலயும் அது இல்லை. நானே பண்ணலாம்னா, அப்பா படுக்கிற தலைக்கு மேல என் கைவைத்தியத்தைச் சோதிக்க மனசு வரல.

கடைசியா வெர்மிகுலைட். இது அப்ரகம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கிற ஒரு கனிமம். அடுக்குக்கு நடுவுல தண்ணி. கடும் சூட்டுல போட்டா அந்தத் தண்ணி ஆவியாகி, நெல்லு பொரியற மாதிரி பல மடங்கு பொரியும். பொரிஞ்ச துகள்ல பூரா காத்துக் குட்டிக் குட்டி அறைகள். எரியாது, எலி தின்னாது, மக்காது. இப்ப வயித்தெரிச்சலைக் கேளுங்க. இந்தக் கனிமம் எங்கிருந்தோ வர்றது இல்லை. பழைய வேலூர் மாவட்டத்துல இருந்து 2019ல பிரிஞ்ச திருப்பத்தூர் மாவட்டத்துல சேவாத்தூர்னு ஒரு ஊர். தமிழ்நாடு அரசு நிறுவனமான டாமின் வெர்மிகுலைட் தோண்டி எடுத்த ஊர் அது. எங்க வீட்டுல இருந்து சுமார் நூறு கிலோமீட்டர். சுரங்கத்து மேல எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. என் புகார் எல்லாம் சுரங்கத்துக்கும் என் தெருக்கடைக்கும் நடுவுல இருக்கிற சங்கிலி மேலதான். காலடியில விளையற சாமான், ஹார்டுவேர் கடையில பேரே தெரியல. "என்ன சார், மிச்சர் மாதிரி ஏதாவதா?"ன்னு கேட்டார் ஒரு கடைக்காரர். வெர்மிசெல்லின்னு நினைச்சிருப்பார் போல.

மாடித்தோட்டக் கடையில மட்டும் கிடைச்சுது. ஒரு கிலோ பாக்கெட்டு. நாலு இஞ்சு உயரத்துக்கு எனக்கு வேண்டியது சுமார் 1.5 கனமீட்டர். கனமீட்டருக்கு நூறு கிலோன்னு வெச்சா 150 பாக்கெட்டு. நூத்தம்பது பாக்கெட்டை உக்காந்து கத்திரிக்கோலால வெட்டற காட்சியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க.

அதுலயும் ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணே, இதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?" அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "செடிக்குத்தானே சார்?"னார்.

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல லிபின்னு ஒரு ஊர். அங்க தோண்டின வெர்மிகுலைட்டுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஸோனோலைட்ங்கற பேர்ல லட்சக்கணக்கான வீட்டுப் பரண்கள்ல அதைக் கொட்டினாங்க. சுரங்கம் 1990ல மூடப்பட்டது. அதுக்குள்ள ஊர்ல எத்தனையோ பேருக்கு நுரையீரல் போயிருந்தது. 2009ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அங்க பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிச்சுது. எல்லா வெர்மிகுலைட்டுலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னு அர்த்தமில்லை. சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அதனாலதான் ரிப்போர்ட் கேக்கறோம். மூட்டை மேல நாலு வரி அச்சடிச்சா தீர்ற விஷயம் இது. ஒரு ரூபா பிஸ்கட் பாக்கெட்டுல என்னென்ன இருக்குன்னு எழுதற நாட்டுல, தலைக்கு மேல கொட்டற சாமான்ல எழுத மாட்டாங்களா?

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன். இப்ப எதிர்க்கட்சி வாதங்களுக்கு வர்றேன்.

"இன்சுலேஷன் எல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" இதைத்தான் அதிகம் கேட்டேன். படிச்சவங்களே சொல்றாங்க. வெப்பத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது சாமி, அதுக்குத் தெரிஞ்சது வித்தியாசம் மட்டும்தான். லண்டன்ல குளிர்காலத்துல வெளிய 5 டிகிரி, உள்ள 20 டிகிரி. வித்தியாசம் 15. அதுக்கு அவங்க பரண்ல 270 மில்லிமீட்டர் போடச் சொல்றாங்க. வேலூர்ல மே மாசம் மத்தியானம் வெயில்ல காயற இரும்பு ஷீட்டு 65 டிகிரி தாண்டும். ரூம் 32ல இருந்தா போதும்னு வெச்சாலும் வித்தியாசம் 33. ரெண்டு மடங்குக்கு மேல! நாம போட்டிருக்கிறது எத்தனை மில்லிமீட்டர்? பூஜ்யம். அவங்களுக்கு ராப்பகலா குளிரும், நமக்குப் பகல்ல மட்டும்தான் சூடு, அதனால 270 வேண்டாம். ஒரு 100 மில்லிமீட்டர் போடலாமே? அதுகூட வேண்டாம்னு எந்த பௌதிகம் சொல்லுது?

"சந்துல காத்து இருக்கே, காத்தே நல்ல இன்சுலேட்டர்தானே?" பத்தாங்கிளாஸ் பாடம் நல்லா ஞாபகம் இருக்கு, சந்தோஷம். ஒரு சின்ன சோதனை. சூடான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடிச்சு, அதுக்கு அடியில அரை அடி தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்க. நடுவுல காத்துதானே இருக்கு? சுடும். சூடான காத்து மேலதான் போகும், ஆனா கதிர்வீச்சுக்கு மேல கீழ கிடையாது. ஷீட்டுதான் இஸ்திரிப் பெட்டி, சீலிங்தான் உள்ளங்கை. காத்தைச் சின்னச் சின்ன அறையா பிரிச்சு அடைச்சு, கதிரையும் மறிச்சாதான் அது இன்சுலேட்டர். அந்த வேலையைத்தான் துகள் பண்ணுது.

"கூல் பெயின்ட் அடிச்சா போதும்." இவங்க மேல எனக்குப் பாதி கோபம்தான், ஏன்னா பாதி உண்மை. வெள்ளை அடிக்கிறதுதான் இருக்கிறதுலயே மலிவான முதல் வேலை. தெலங்கானா 2023ல கூல் ரூஃப் கொள்கையே கொண்டுவந்தது. நல்ல விஷயம். நானும் முதல்ல அதைத்தான் பண்ணினேன். ஆனா வெள்ளையில தூசி படியும், போகப் போக பலன் குறையும், மறுபடி ஏறி அடிக்கணும். பெயின்ட்டு குடை மாதிரி. குடை இருக்குன்னு சட்டை போடாம போவோமா?

"வெயிட் தாங்காது." நியாயமான கேள்வி. நாலு இஞ்சு வெர்மிகுலைட் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. ஜிப்சம் போர்டே கிட்டத்தட்ட அவ்வளவு எடை. அதாவது சீலிங் தன் எடையை மாதிரி இன்னொரு எடையைத் தாங்கணும். அப்படியே கொட்டினா ஆபத்து. கம்பியை இரட்டிப்பாக்கணும். நான் அதைப் பண்ணின பிறகுதான் மூட்டையைத் தொட்டேன். கேள்வி நியாயம்னா பதில் கணக்கு, ஏசி இல்லை.

"கவர்மெண்டு ஏதாவது செய்யும்." செஞ்சிருக்கு! 2018ல எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு குடியிருப்புகளுக்கு ஒரு விதித் தொகுப்பு வந்தது. கூரை வழியா சூடு எவ்வளவு இறங்கலாம்னு அதுல உச்சவரம்பு இருக்கு: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல ரெண்டு மூணு மடங்கு சூட்டை விடும். நாலு இஞ்சு வெர்மிகுலைட் போட்டா என் கணக்குல 0.6க்குள்ள வருது. பிரமாதம். ஆனா அந்த விதி யாருக்குன்னா, 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் மனை இருக்கிற கட்டடத்துக்கு. நம்ம ஷீட்டு ரூமுக்கு இல்லை. அப்புறம் 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது. வெயில்ல செத்தா குடும்பத்துக்கு நாலு லட்சம். நல்ல முடிவு, குறை சொல்லல. சாகாம இருக்க ஒரு மூட்டை எங்க கிடைக்கும்னு மட்டும்தான் கேக்கறேன்.

என் கட்சி இதுதான் மக்களே. சிமெண்டு மூட்டையில கிடைக்குது. மணல் யூனிட்டுல, ஜல்லி யூனிட்டுல. கூலிக்காரர் சைக்கிள்ல வந்து அரை மூட்டை ஒயிட் சிமெண்டு வாங்கிட்டுப் போறார். கூரையைக் காப்பாத்துற துகள் மட்டும் ஏன் "சிஸ்டம்"? ஏன்னா சிஸ்டமா வித்தா வாங்கறவன் கோல்டு ஸ்டோரேஜ்காரன், மால்காரன், ஐடி பார்க்காரன். அவனோட கூரை தட்டையா, சதுரமா, ஒழுங்கா இருக்கும். ரோலை விரிச்சா போதும். ஒழுங்கில்லாத சந்து யார் வீட்டுல இருக்கும்? காசு வரவர ஒரு ரூம் எடுத்தவன் வீட்டுல. மாடிப்படி மேல ஷீட்டு போட்டு வாடகைக்கு விட்டவன் வீட்டுல. ஓட்டுக்கு அடியில பலகை அடிச்சவன் வீட்டுல. உதிரித் துகள் யாருக்கு ரொம்ப அவசியமோ, அவனுக்குத்தான் அது கிடையாது. ஐஸ்கிரீம் குளுகுளுன்னு இருக்கு, அதை மூட்டை தூக்கி வெச்சவர் ஷீட்டுக்கு அடியில வேகறார்.

நம்ம மேலயும் தப்பு இருக்கு. வீடு வாங்கப் போறப்ப மாடுலர் கிச்சன் கேட்டோம், வாஸ்து கேட்டோம், கார் பார்க்கிங் கேட்டோம். "கூரையில என்ன போட்டிருக்கீங்க?"ன்னு ஒருத்தராவது கேட்டோமா? நானும் கேக்கல. எட்டு மணி நேரம் ஏசியில உக்காந்து பொட்டி தட்டற எனக்கு, அப்பா விழற வரைக்கும் தலைக்கு மேல என்ன இருக்குன்னே தெரியாது.

கதை எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லிடறேன். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்ல ரோஜா போடற விவசாயிங்களுக்கு நாற்றங்கால் சாமான் விக்கிற ஒரு கடை. நண்பன் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். நூறு லிட்டர் மூட்டை, லோடு எல்லாம் கேக்கல. டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதும் முணுமுணுக்காம அனுப்பி வெச்சார். அப்புறம் கேட்டார், "என்ன பயிர் சார்?"

"மனுஷப் பயிருங்க"ன்னேன். சிரிச்சார். நான் சிரிக்கல.

பதினாறு மூட்டை. செலவு ஒரு ஒன்றரை டன் ஏசி விலையில பாதிகூட இல்லை. முதல் வாரம் ஷீட்டுக்கு வெள்ளை. அடுத்த வாரம் சீலிங்குக்குக் கூடுதல் கம்பி. மூணாவது வாரம் ஒரு மூலையில ரெண்டடிக்கு ரெண்டடி கதவு வெட்டி, மாஸ்க் போட்டுக்கிட்டு, காலையில அஞ்சு மணிக்கு உள்ள புகுந்தேன். அம்மா கீழ இருந்து வாளியில எடுத்துக் கொடுக்க, நான் கொட்டி, ஒரு நீளக் குழாயில பலகை கட்டி, ஆறு இஞ்சு இடுக்கு வரைக்கும் தள்ளி நிரவினேன். ஒன்பது மணிக்குள்ள வெளிய வந்துடணும், அதுக்கு மேல இருந்தா நானே பொரிஞ்சிருப்பேன்.

சீலிங் போர்டோட அடிப்பக்கத்தை ஒவ்வொரு கட்டத்துலயும் மத்தியானம் மூணு மணிக்கு அளந்தேன். கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெயில் அடிச்ச நாட்கள். ஒண்ணும் பண்ணாதப்ப 46 டிகிரி. வெள்ளை அடிச்ச பிறகு 41. துகள் கொட்டின பிறகு 36. இது ஆராய்ச்சி இல்லை, ஒரு வீட்டுக் கணக்கு. ஆனா ஏசி இப்ப 27ல நின்னு மூச்சு விடுது. அப்பா ரிமோட்டை பீரோவுல இருந்து வெளிய எடுத்துட்டார். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும். அதுக்கு மேல அவருக்கே குளிருதாம்!

போன ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மெல்ல எட்டிப் பார்த்தேன். ஏசி ஓடல. ரேடியோ பாடிக்கிட்டு இருந்தது. பேப்பர் நெஞ்சு மேல. மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கறார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டு வந்தேன்.

இதுக்கு எனக்கு ஒரு சம்பளம், ஒரு டிகிரி, இண்டர்நெட்டு, ஓசூர் நண்பன் எல்லாம் தேவைப்பட்டுது. எங்க பின் தெருவுல ஷீட்டு வீட்டுல இருக்கிற ஆயாவுக்கு இதுல எதுவும் கிடையாது. அவங்களுக்குத் தேவை ஒரு கடை. அந்தக் கடையில ஒரு மூட்டை. மூட்டை மேல தமிழ்ல நாலு வரி: எடை இவ்வளவு, எத்தனை இஞ்சு கொட்டணும், எரியுமா எரியாதா, ஆஸ்பெஸ்டாஸ் இல்லைன்னு சோதிச்ச தேதி. இதைக் கேக்கறது பேராசையா?

அடுத்த தடவை ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்கப் போனா சும்மா கேட்டு வையுங்க: "அண்ணே, கூரையில கொட்டற வெர்மிகுலைட் இருக்கா?" இல்லைன்னுதான் சொல்வார். பத்துப் பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு எடுத்து வெச்சிருப்பார். நம்ம ஊர்ல எல்லாச் சரக்கும் இப்படித்தானே கடைக்கு வந்தது.

பி.கு: யாராவது இதைச் செய்யப் போறீங்கன்னா நாலு விஷயம். சீலிங்குக்குள்ள பதிச்ச லைட்டு மேல துகள் படாம தகர டப்பா கவிழ்த்து, சுத்தி இடம் விடுங்க. ஷீட்டுக்கும் துகளுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சாவது காத்து போக வழி விட்டு, வெளி ஓரத்துல எலி வலை அடிங்க. ராத்திரி ஷீட்டு வேர்க்கும், அது காயணும். ஒழுகற ஷீட்டை முதல்ல அடைங்க, ஈரமான துகள் சூட்டைத் தடுக்காது, கனமும் கூடும். எடைக் கணக்குப் போடாம ஒரு வாளிகூடக் கொட்டாதீங்க. வீட்டுக்காரம்மா கிட்ட வாளி கொடுக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கும் ஒரு மாஸ்க் கொடுங்க. நான் மறந்துட்டேன், இன்னும் திட்டு விழுது :-)